ஊர்க்குளத்தில் மண் அடிக்கிறார்கள்: ஓர் ஆசிரியர் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

கேள்வியின் சுருக்கம் இது. கேட்பவர் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். ஊர்க்குளத்தின் ஒரு மூலையில் செம்மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்குகிறார்கள். மறுகரையில் சாக்கடை இறங்குகிறது. ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்களுக்குப் பலன் இல்லை. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா, வேலைக்குப் பிரச்சினை வருமா, எங்கிருந்து தொடங்குவது?

செய்ய முடியும். ஆனால் முன்னால் நின்று கோஷம் போட ஊரில் ஆள் இருக்கிறார்கள், அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஆசிரியரால் மட்டும் சுலபமாக முடிகிற வேலை வேறு: அளப்பது, தேதி போட்டு எழுதி வைப்பது, அதை ஊர்க்காரர்கள் கையில் கொடுப்பது. குமரியில் குளம் மீட்கும் முயற்சிகள் பெரும்பாலும் கோபம் குறைந்து தோற்பதில்லை. சர்வே எண் தவறாக இருப்பதாலும் கெடு தாண்டிப் போவதாலும்தான் தோற்கின்றன.

அதனால் முதல் வேலை, அந்தக் குளம் யாருடையது என்று காகிதத்தில் கண்டுபிடிப்பது. இந்த மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் கணக்கில் உண்டு. பெரும்பாலானவை நீர்வளத்துறை வசம் (பழைய பேச்சில் பொதுப்பணித்துறை). சில ஊராட்சி அல்லது பேரூராட்சியுடையவை. சில கோயில் நிலம். யாரிடம் மனு கொடுப்பது என்பது இதைப் பொறுத்தே அமையும். 2007-ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித்துறைக் குளங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஊராட்சிக் குளத்துக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி மனு எழுதினால் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இங்கே இன்னொரு சிக்கல், மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதி. பழைய ஆவணங்கள் மலையாளத்தில், பழைய சர்வே எண்ணில் இருக்கும். இன்றைய பதிவேடு ரீசர்வே எண்ணில் இருக்கும். ஒரே குளம் பழைய கணக்கில் ஒரு எண்ணாகவும் புதிய கணக்கில் மூன்று நான்கு உட்பிரிவுகளாகவும் கிடக்கலாம். அந்த உட்பிரிவுகளில் ஏதாவது ஒன்று தனியார் பெயருக்கு மாறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். அரசின் மின்சேவைத் தளத்தில் அ-பதிவேட்டு (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் சொல்லும் கிராமக் கணக்கு) விவரமும் புல வரைபடமும் கிடைக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டம் மூலம் கேளுங்கள். ஊரில் யாரிடமாவது குளத்துக்கு அடுத்த நிலத்தின் பழைய ஆதாரம் (பத்திரம்) இருக்கும். அதில் எல்லை சொல்லும் இடத்தில் குளக்கரை என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி பல மனுக்களைவிடப் பலமானது. மலையாளம் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் விளவங்கோடு பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. பாதிக் குளம் போய்விட்டது என்று எழுதாதீர்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். இருபது சென்ட் பரப்பில் சராசரி ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மண் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 809 சதுர மீட்டரை 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 1,214 கன மீட்டர். அவ்வளவும் தண்ணீர் நின்ற இடம், எனவே இழந்தது 12 லட்சம் லிட்டர் கொள்ளளவு. மூன்று யூனிட் டிப்பர் ஒன்றில் 300 கன அடி, அதாவது 8.5 கன மீட்டர் மண் வரும். அப்படியானால் ஏறக்குறைய 143 லோடு. 143 லோடு இறங்கியது யார் கண்ணிலும் படவில்லை என்று ஒரு அலுவலகம் எழுத்தில் சொல்வது கடினம். இந்தக் கணக்கு எட்டாம் வகுப்பு அளவியல் பாடம்தான், வகுப்பிலேயே போடலாம்.

புகைப்படத்துக்கு ஒரே இடம், ஒரே திசை, ஒரே உயரம் வேண்டும். மடைக்கல், கரையில் நிற்கும் ஆலமரம், மின்கம்பத்தின் எண் என்று நகராத ஒன்று எல்லாப் படத்திலும் தெரிய வேண்டும். மாதம் ஒரு முறை போதும். மண் இறங்கும் நாட்களில் மட்டும் கூடுதலாக எடுக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதுவும் துணைக்கு ஆகும். ஆனால் ஒரு எச்சரிக்கை. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. ஏப்ரல் படத்தையும் நவம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்து, நீர் சுருங்கிவிட்டது என்று காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஒரு நிமிடத்தில் உடைப்பார். தாமரையும் ஆகாயத்தாமரையும் படர்ந்த பகுதி படத்தில் தரைபோலவே தெரியும். ஒரே மாதப் படங்களை மட்டுமே ஒப்பிடுங்கள்.

மறுகால் (குளம் நிறைந்தால் உபரிநீர் வெளியேறும் வழி) அடைபட்டிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மண் அடிப்பவர்கள் கரையோரத்தோடு நிற்பதில்லை, மறுகால் ஓடையையும் சேர்த்து மூடிவிடுவார்கள். அப்போது வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் போக வழியில்லாமல் மேற்பக்கத்து வீடுகளுக்குள் ஏறும். வீடு நனைந்தவர்களுக்குக் குளத்தின்மேல் பாசம் இல்லாவிட்டாலும் மறுகால்மேல் அக்கறை இருக்கும். கையெழுத்து வாங்க அங்கிருந்து தொடங்குங்கள். கடைமடையில் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடுபவர்களும் உங்கள் பக்கம்தான்.

சாக்கடைப் பிரச்சினைக்குத் தண்ணீர் பரிசோதனை வேண்டும். பள்ளிகள் அதிகம் தவறுவது இதில்தான். பச்சை நிறத்தில் பாசி பிடித்த குளத்தில் பகல் முழுவதும் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு மாதிரி எடுத்தால் கரைந்த ஆக்சிஜன் அருமையாக இருக்கும், பிஎச் 9-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும், குளம் நன்றாக இருப்பதாக அறிக்கை வரும். அதே குளத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு எடுத்தால் ஆக்சிஜன் பாதாளத்தில் இருக்கும். மீன் செத்து மிதப்பது அதிகாலையில்தான் என்பதற்கும் இதுவே காரணம். எனவே இரண்டு நேரத்திலும் எடுங்கள், நேரத்தை எழுதுங்கள். அதிகாரிகள் மாதிரி எடுக்க வந்தாலும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். குளிக்கும் நீருக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 3 அல்லது அதற்குக் கீழ், பிஎச் 6.5 முதல் 8.5 வரை, மலக் கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிக்கு 500-க்குள், அதிகபட்சம் 2,500.

ஆக்சிஜன் மாதிரியைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே அளவு மாறிவிடும். கரையிலேயே மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு நிலைப்படுத்த வேண்டும், பாட்டிலில் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படையுங்கள். கழுவிய மினரல் வாட்டர் பாட்டிலில் எடுத்துப்போன கிருமி முடிவை எந்த விசாரணையிலும் ஏற்கமாட்டார்கள். மற்ற வேதியியல் சோதனைகளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசிப் பிடித்தால் போதும்.

பல சூழல் மன்றங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி ஒன்றை வைத்திருப்பார்கள், தண்ணீர் ஊற்றி ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கலப்பு என்று பொருள். அதைக் குளத்து நீரில் செய்வது வீண், எந்தத் திறந்த குளத்து நீரும் கறுக்கத்தான் செய்யும். அந்தக் குப்பியைக் குளத்தைச் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளுக்குப் பயன்படுத்துங்கள். சாக்கடை இறங்கும் பக்கத்துக் கிணறு ஐந்து, எதிர்க்கரையில் ஐந்து என்று எடுத்து, கூடவே நைட்ரேட்டும் குளோரைடும் பாருங்கள். குடிநீருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குளோரைடு 250 வரை நல்லது, வேறு நீர் இல்லையென்றால் 1,000 வரை ஏற்கலாம். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் ஆதாரம். சந்தேகம் வந்த மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்து முத்திரையுள்ள அறிக்கை வாங்கிவிடுங்கள். மாணவர் நோட்டு வழி காட்டும், வழக்கில் நிற்பது அந்த அறிக்கைதான்.

மீன் குத்தகை விட்ட குளமா என்று கேட்டுப் பாருங்கள். குத்தகைக்காரர் கோழிக்கழிவைத் தீவனமாகப் போடுவது, தாமரைக்கு உரம் கொட்டுவது என்று இங்கே தகராறுகள் வழக்கம். குத்தகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கினால் என்ன செய்யக்கூடாது என்ற நிபந்தனைகள் அதிலேயே இருக்கும். சாக்கடையை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

மாணவர்கள் எவ்வளவு தூரம்? கரையில் நின்று கயிறு கட்டிய வாளியில் நீர் எடுப்பது, பிஎச், வெப்பநிலை, இருபது சென்டிமீட்டர் கறுப்பு-வெள்ளைத் தட்டை இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பது, பறவைக் கணக்கு, வரைபடம் வரைவது. இவ்வளவு போதும், இதுவே நிறைய. சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, அவற்றோடு ஒப்பிட்டுப் பறவை எண்ணுவது பிள்ளைகளுக்கும் பிடிக்கும். தண்ணீருக்குள் யாரையும் இறக்காதீர்கள். சாக்கடை கலந்த நீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு, காலில் சிறு கீறல் போதும். டிப்பர் வரும் இரவுகளில் படம் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பக்கூடாது. மனுவில் அவர்கள் கையெழுத்து வேண்டாம், பத்திரிகைப் படத்தில் முகம் வேண்டாம். மண் அடிப்பவரின் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பான் என்பதை மறந்துவிடாதீர்கள். குமரியில் இது பெரும்பாலும் நடக்கும். வகுப்பில் ஆள் பெயரே வரக்கூடாது, அளவு மட்டும் வரட்டும்.

வேலைப் பாதுகாப்பு. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உண்டு. உதவி பெறும் பள்ளிக்குத் தனியார் பள்ளிச் சட்டத்தின் கீழ் நடத்தை விதிகள் உண்டு. அரசின் கொள்கையைப் பத்திரிகையில் விமர்சிப்பதும் அரசியல் மேடை ஏறுவதும்தான் ஆபத்தான இடங்கள். தகவல் கேட்பதற்கு அப்படித் தடை இல்லை, தகவல் உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. கிராம சபையில் வாக்காளராகப் பேசலாம். வீட்டு முகவரியில், சொந்தப் பெயரில் எழுதுங்கள். பள்ளி லெட்டர்பேடும் முத்திரையும் எந்த மனுவிலும் வரக்கூடாது. பள்ளிக் கிணறு, பள்ளி வாசல் சாக்கடை என்று பள்ளியோடு நேரடியாகத் தொடர்புள்ளவற்றுக்கு மட்டும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தீர்மானம் போடலாம். மாணவர் செயல்பாடு எதுவானாலும் தேசிய பசுமைப்படை, என்.எஸ்.எஸ். போன்ற ஏற்கெனவே உள்ள அமைப்பின் பெயரில், தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஆண்டுத் திட்டத்துக்குள் இருக்கட்டும்.

தகவல் உரிமை மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்பதுதான் பொதுவான தவறு. காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதியிட்ட மனுவின் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல், அ-பதிவேட்டு நகல், புல வரைபடம், கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் குளத்தில் மண் எடுக்கக் கொடுத்த அனுமதிகளின் தேதியும் அளவும். கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் வண்டல் எடுக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு கரையோரம் குழி தோண்டுவது நடக்கிறது. விவசாயிக்கு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும் புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும்தான் அளவு. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கிராம சபைக்கு வருவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள். முதலில் உங்கள் ஊர் ஊராட்சியா பேரூராட்சியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சிகளோடு ஏறக்குறைய ஐம்பது பேரூராட்சிகளும் உள்ள மாவட்டம் இது. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, அங்கே பகுதி சபையையும் மன்றத் தீர்மானத்தையும்தான் நம்ப வேண்டும். ஊராட்சியில் மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கோரம். ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று பின்னால் வாதம் வரும், எனவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுகிறதா என்று கூடவே நின்று பாருங்கள். குளத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற தீர்மானத்தால் எந்தப் பயனும் இல்லை. வருவாய் கிராமம், ரீசர்வே எண், பதிவேட்டின்படி பரப்பு, இப்போது மேடான பரப்பு, 30 நாளில் அளந்து எல்லைக்கல் நட வேண்டிய அதிகாரியின் பதவி, இவை ஐந்தும் அதில் இருக்க வேண்டும். வீட்டில் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே வைத்து எழுதினால் எண் தவறும்.

ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வந்துவிட்டால் முதலில் விழுவது குளக்கரையில் ஓலையும் ஷீட்டும் போட்டு இருக்கும் இரண்டு மூன்று குடும்பங்களின் வீடுதான். இருபது சென்ட் மேடாக்கியவர் தடையாணை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பார். சுற்றுச்சூழல் நியாயம் என்று பேசுகிறவர் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. மனுவிலேயே இரண்டையும் பிரியுங்கள். வணிக நோக்கில் நிரப்பியதை அகற்றக் கேளுங்கள், குடியிருப்போருக்கு மாற்றிடம் கொடுத்த பிறகே நகர்த்தக் கேளுங்கள். அந்தக் குடும்பங்களோடு மனு எழுதும் முன்பே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் அவர்களை முன்னால் நிறுத்தியே எதிர்த்தரப்பு கூட்டம் சேர்க்கும்.

மனு நாளில் கொடுத்த மனுவுக்கு ரசீது எண் வாங்கி, இரண்டு மாதத்தில் அசைவில்லை என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நினைத்துப் பார்க்கலாம். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். மனு மேல் மனு கொடுத்துக்கொண்டே மூன்று வருடம் காத்திருந்த ஊர்களுக்கு இந்த வாசல் அடைபட்டிருக்கும். சேதத்தைச் சீர்செய்யக் கேட்கும் 15-ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். நிலத்தின் உரிமையே தகராறு என்றால் தீர்ப்பாயம் சரிவராது, உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ போக வேண்டியிருக்கும். அங்கே 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் பொதுக் குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று சொன்னதை எடுத்துவைக்கலாம். வழக்கின் மனுதாரராக ஆசிரியர் இருக்க வேண்டாம், கடைமடை விவசாயி இருக்கட்டும்.

கடற்கரைப் பள்ளி ஆசிரியர்களும் இதே கேள்வியைக் கேட்பதால் மணல் பற்றியும் கொஞ்சம். கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-இல் தக்கலையில் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்பால் தள்ளிவைத்தார்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி அத்தகைய கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பும் உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கையும் கட்டாயம். தமிழ்ச் சுருக்கத்தை வாங்கி, பக்க எண் போட்டுக் கேள்வி தயாரிக்க ஆசிரியர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 8-இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிம, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுக் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு கொடுத்தது. எனவே இனி கூட்டம் வரும், அங்கே பேசலாம் என்று காத்திருப்பது சரியான திட்டம் அல்ல. கிராம சபைத் தீர்மானங்களும் எழுத்து மூலமான ஆட்சேபங்களும் முன்கூட்டியே கோப்பில் ஏற வேண்டும். பிள்ளைகளிடம் கதிர்வீச்சுக் கருவியைக் கொடுத்து எண் எடுக்கச் சொல்வதை நான் ஆதரிக்கமாட்டேன். மணவாளக்குறிச்சிப் பகுதியில் மோனசைட் மணல் காரணமாக இயற்கையாகவே பின்னணிக் கதிர்வீச்சு அதிகம். தோண்டுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று முறையான ஒப்பீடு இல்லாமல் எண்ணைச் சொன்னால் அது எதையும் நிரூபிக்காது, ஊரைப் பயமுறுத்த மட்டுமே உதவும். கடலரிப்பு, கிணற்று உப்பு, வலை காயவைக்கும் இடம், இவற்றை அளப்பது பள்ளிக்குச் சாத்தியம்.

கூட்டுப் புலத்தணிக்கை (பல துறை அதிகாரிகள் சேர்ந்து குளத்துக்கே வந்து பார்ப்பது) என்று ஒரு தேதி கடைசியில் வரும். அதை நவம்பரில் வைக்க விடாதீர்கள். நீர் நிறைந்து எல்லைக்கல் மூழ்கிய குளத்தில் அளவை செய்து ஆக்கிரமிப்பு இல்லை என்று எழுதிப்போவது சுலபம். பிப்ரவரி முதல் மே வரை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அன்று புல வரைபட நகல், ஒரே கோணப் படங்கள் வரிசையாக, டிப்பர் கணக்கு, ஆய்வக அறிக்கை எல்லாம் இரண்டு செட் இருக்கட்டும். சர்வேயர் எந்த நிலைக்கல்லிலிருந்து சங்கிலி போடுகிறார் என்பதைப் படமெடுத்துவிடுங்கள், தவறு நடந்தால் அங்கேதான் நடக்கும். தணிக்கைக் குறிப்பில் உங்கள் ஆட்சேபம் எழுதப்படாவிட்டால் கையெழுத்துப் போடாமல், அன்றைக்கே பதிவுத் தபாலில் தனியாக அனுப்புங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு மாறுதல் வரலாம், அல்லது நீங்களே வேறு பள்ளிக்குப் போகலாம். அளவுப் பதிவேடு பள்ளி அலமாரியில் இருந்தால் அடுத்த வெள்ளையடிப்பில் காணாமல் போகும். ஒரு பிரதியை ஊர் நூலகத்திலோ விவசாயிகள் சங்கத்திலோ ஆண்டுக்கு ஒரு முறை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.